புரட்டாசிச் சனியில் துவக்குப் பிடிக்கப் போனோம்

நான் லண்டனுக்குப் போனது என் அண்ணனின் அறுபதாவது பிறந்தநாளுக்கு. குட்மேய்ஸில் அவர் வீட்டு மேசையில் நான் கொண்டுபோன மிளகாய்த்தூளையும் பனம்பழப் பினாட்டையும் அண்ணி பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவர்களுடைய மகள் ஆரணி மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பச்சைப் புல்வெளி, நீல வானம், தோளில் துப்பாக்கியோடு சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். சனிக்கிழமை நாங்களும் அங்கே போகிறோம் என்றாள். அப்பாவின் பிறந்தநாள் கொண்டாட்டமே அதுதானாம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விமானத்தில் முழங்கால் மடக்கி வந்தது இதற்கா? நான் யாழ்ப்பாணத்தில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவள். இடம்பெயர்ந்து அலைந்த ஆறு மாதத்தைத் தவிர, போர்க்காலம் முழுவதும் ஊரில்தான் இருந்தேன். இன்றைக்கும் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெடி கொளுத்தினால் என் கை தானாகக் கதவுத் தாழ்ப்பாளைத் தேடும். என்னைக் கூட்டிக்கொண்டு போய் வெடிச் சத்தம் கேட்கவைக்கப் போகிறார்கள். அதுவும் டிக்கெட் வாங்கி.

"மாமி, பயப்படாதீங்க. உயிருள்ள பறவை இல்லை. களிமண் தட்டு. மெஷின் அதை மேலே எறியும், நாங்கள் சுட்டு உடைக்க வேணும். அவ்வளவுதான்" என்றாள் ஆரணி, பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாக. அவள் கவுன்சிலில் வேலை செய்கிறவள். எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வாள். மூடிய சப்பாத்து, கழுத்து மூடிய சட்டை, மழைக்கோட்டு, படத்தோடு கூடிய அடையாள அட்டை. பட்டியலில் அடையாள அட்டை வந்ததும் எனக்கு இன்னும் ஏறியது. ஊரில் துவக்கு வைத்திருந்தவனுக்குக் காட்டத்தான் நாங்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுத் திரிந்தோம். இங்கே துவக்கைக் கையில் வாங்குவதற்குக் காட்டுகிறார்கள்.

"இந்தக் கூத்தை ஆர் யோசிச்சது?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளையின் அலுவலக நண்பர்கள் யாராவதுதான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

"நான்தான் கேட்டனான்" என்றார் அண்ணன், பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல். "கனகாலமா ஒருக்காப் போக வேணுமெண்டு நினைச்சது."

வியாழக்கிழமை அவருக்குச் சப்பாத்து வாங்க அப்டன் பார்க்குக்குப் போனோம். போகிற வழியில் பஸ் ஒரு மரத்தடியில் நின்றுவிட்டது. சாரதி மாறவேண்டுமாம், அடுத்த சாரதி இன்னும் வரவில்லையாம். ஊரென்றால் இந்த நேரத்துக்குள் பாதிப் பேர் இறங்கி நடத்துநரோடு சண்டை தொடங்கியிருப்பார்கள். இங்கே ஐம்பது பேரும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த பாகிஸ்தான்காரப் பெண்மணி மட்டும் தன் பையிலிருந்து ஒரு சமோசாவை எடுத்து என்னிடம் நீட்டி, "சாப்பிடு, இது எப்படியும் கால் மணித்தியாலம் நிற்கும்" என்றார். வாங்கிச் சாப்பிட்டேன். அந்த நாளில் கிடைத்த ஒரே நல்ல விஷயம் அதுதான்.

கிரீன் ஸ்ட்ரீட்டில் முருங்கைக்காயும் மரவள்ளியும் ஊரைவிட வடிவாக அடுக்கி வைத்திருந்தார்கள். சப்பாத்தை வாங்கிய பிறகு ஒரு தமிழ்க் கடையில் பாகற்காய் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணனைத் தெரிந்த கடைக்காரர், "என்னண்ணை, சப்பாத்தெல்லாம் பலமாக் கிடக்குது?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை துவக்குச் சுடப் போறம்."

"துவக்கோ? அதுக்குப் பயந்துதானே அண்ணை இஞ்ச ஓடி வந்தனாங்கள்!" என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். சிரித்தபடியே அரிசி மூட்டைகளைச் சுற்றி வந்து, வாசலைப் பார்த்தபடி நின்றுகொண்டார். வீட்டுக்குப் போக அவசரப்படுகிறார் என்று நினைத்தேன். கடைக்காரர் சொன்னது மட்டும் எனக்குள் ஒட்டிக்கொண்டது. ஓடி வந்த ஆட்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் சுவரில் தொங்கிய பஞ்சாங்கக் கலண்டரைப் பார்த்தேன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அடுத்த நாள் புரட்டாசிச் சனி. அண்ணனுக்கு ஏழரைச் சனி நடக்கிறது. எள்ளெண்ணெய் விளக்கு எரித்து, விரதமிருந்து, காகத்துக்குச் சோறு வைத்து, காகம் வாய் வைத்த பிறகுதான் சாப்பிடவேண்டும். விரதக்காரன் துவக்குப் பிடிப்பானா? இதைச் சொன்னால் பயணம் நின்றுவிடும் என்று நம்பினேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்குச் சனீஸ்வரனைப் பற்றிக் கவலை இல்லை. பயணத்தை நிறுத்த ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

"அண்ணை, நாளைக்கு நீங்கள் விரதம் இருக்க வேணும். அறுபது பிறக்கிற நேரம். விளையாட்டு இல்லை."

"சரி, இருக்கிறன்."

"அப்ப உந்தப் பயணம்?"

"விரதமும் இருக்கிறன். அங்கயும் போறன்."

அண்ணி குசினிக்குள்ளிருந்து வந்து, "மச்சாள், அவருக்குச் சீனி வருத்தம். கனநேரம் வெறும் வயித்தோட கிடக்க ஏலாது" என்று மெதுவாகச் சொன்னார். நான் காது கொடுக்கவில்லை. என்னுடைய பிடிவாதமா, அவருடைய பிடிவாதமா என்று பார்த்துவிடுவோம் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை அண்ணி முதியோர் இல்லத்து ஷிப்டுக்குப் போய்விட்டார். நான் விடியவே எழுந்து சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பாற்கறியும் வெண்டிக்காய்க் குழம்பும் சமைத்தேன். விளக்கு எரித்தோம். வாழையிலைத் துண்டில் சோற்றை உருட்டி, எள்ளுத் தூவி, அப்பளமும் சேர்த்து, பின்வளவு மதிலில் வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு யன்னல் ஒன்று திறந்து மூடியது.

முதலில் வந்தது அணில். அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு போனது. பிறகு இரண்டு புறா. பிறகு, பட்டப்பகலில், வெட்கமில்லாமல் ஒரு நரி. நரி வாழையிலையோடு இழுத்துக்கொண்டு போனதை நான் யன்னலில் நின்று பார்த்தேன். சனீஸ்வரனுக்கு நரியை அனுப்பி வைக்கிற ஊர் இது. காகம் மட்டும் கண்ணில் படவில்லை.

நேரம் பத்தாகிவிட்டது. "மாமி, பிந்தினால் எங்கட நேரத்தை வேற ஆக்களுக்குக் குடுத்திடுவாங்கள்" என்று ஆரணி கார்த் திறப்புக் கொத்தை ஆட்டினாள். சாப்பாட்டைப் பெட்டிகளில் அடைத்தேன். வயல்வெளிதானே, அங்கே காகம் இல்லாமலா போகும்? போகிற இடத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று தீர்ப்புச் சொன்னேன்.  அண்ணன் புதுச் சப்பாத்தின் நாடாவை இரண்டு முறை கட்டினார்.

கார் லண்டனை விட்டு வெளியேறியதும் வழிகாட்டிப் பெட்டி எங்களை ஒரு பண்ணைக்குள் கொண்டுபோய் விட்டது. முன்னால் பூட்டிய படலை, பின்னால் சேறு. படலைக்கு அந்தப் பக்கத்தில் நின்ற குதிரை எங்களைக் கேவலமாகப் பார்த்தது. றப்பர்ச் சப்பாத்து அணிந்த ஒரு கிழவர் வந்து யன்னலில் குனிந்து, "துப்பாக்கிக்காரர்களா? இந்த மாதம் வழி தவறி வந்த நாலாவது கார் நீங்கள்" என்றார். துப்பாக்கிக்காரர்கள்! ஊரில் ஒருவன் எங்களைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் அன்றிரவே வீடு மாறியிருப்போம்.

கார் சேற்றில் பின்னுக்குப் போய் முன்னுக்கு வந்து திணறிக்கொண்டிருந்தபோது, மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அண்ணை, நான் ஒண்டு கேக்கட்டே? நீங்கள் இருபது வயசில பிளேன் ஏறீட்டியள். நாங்கள் அங்க கிடந்து எல்லாச் சத்தமும் கேட்டம். கேட்ட எங்களுக்குப் போதும் போதும் எண்டு போச்சு. கேக்காத உங்களுக்கு இப்ப ஆசை வந்திட்டுதோ?"

அவர் முன் இருக்கையில் இருந்தார்.

"துவக்குக்குப் பயந்து ஓடின ஆக்களுக்கு இப்ப துவக்கு ஒரு விளையாட்டுச் சாமான். சொகுசா இருந்து பழகினால் இப்பிடித்தான்."

ஆரணி பிரேக்கை அழுத்தினாள். "மாமி, போதும்" என்றாள் ஆங்கிலத்தில்.

"விடு பிள்ளை" என்றார் அண்ணன். "அவ கதைக்கட்டும். கதைக்க அவவுக்கு உரிமை இருக்கு."

நான் சொன்னது சரி என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்த இடம் படத்தில் பார்த்ததைவிடச் சின்னது. ஈரமான வயல், ஓரத்தில் ஒரு மரக் கொட்டில், சுடுகிறவர்கள் நிற்க வரிசையாக மூன்று பக்கம் அடைத்த கூடுகள். கார்க் கதவைத் திறந்ததும் முதல் வெடி கேட்டது. எங்கள் ஊர்ச் சத்தம் இல்லை, தட்டையான சத்தம். ஆனால் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. நான் காருக்குள் திரும்ப ஏறிவிட்டேன். ஆரணி காதுமூடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்ட பிறகுதான் இறங்கினேன். தூரத்து மரங்களிலிருந்து ஒரு கூட்டம் காகம் எழும்பி, இன்னும் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. வெடி வெடிக்கிற இடத்தில் காகத்தைத் தேடி வந்த என் மூளையை என்ன சொல்ல.

கொட்டிலுக்குள் தேநீர் வாசமும் நாய் வாசமும். பச்சை உடுப்புப் போட்ட கிழவர்கள் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டு மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் முழங்கால் சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொன்னார், மற்றவர் தன் மருமகனைத் திட்டினார். துவக்கோடு இவ்வளவு சாவகாசமாக இருக்கிற மனிதரை நான் பார்த்ததில்லை. அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது.

எங்களுக்குச் சொல்லித்தர வந்தவர் லிண்டா என்ற பெண். என் வயது இருக்கும், நல்ல உடம்பு, கன்னம் இரண்டும் சிவப்பு. படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எங்களை ஒரு கூட்டுக்குக் கூட்டிப் போனார். "முன்பு யாராவது துப்பாக்கி பிடித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். மூவரும் தலையாட்டி இல்லை என்றோம்.

அவர் துப்பாக்கியை நடுவில் மடித்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டினார். குழல் எப்போதும் நிலத்தைப் பார்த்தபடிதான் இருந்தது. மிகக் கவனமான பெண். பிறகு அதை மூடி, தோளில் எப்படி வைப்பதென்று காட்டுவதற்காக, வெளியே வயலைப் பார்த்து உயர்த்தினார். எங்கள் பக்கம் திருப்பவேயில்லை.

அண்ணனின் இரண்டு கைகளும் மேலே போயின.

காதளவுக்கு, உள்ளங்கை வெளியே தெரிய, விரல்கள் விரிந்து. அவருக்கே அது தெரியவில்லை. முகம் சாம்பல் பூசியதைப் போல இருந்தது, உதடு எதையோ முணுமுணுத்தது. லிண்டா உடனே துப்பாக்கியை மடித்துத் தாங்கியில் வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்தார்.

"சீனி குறைஞ்சிட்டுது!" என்று கத்தினேன். விரதம், காகம், பிடிவாதம் எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. நான் கொன்றுவிட்டேன், என் அண்ணனை நானே கொன்றுவிட்டேன். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, எந்தக் காகத்துக்கும் காத்திராமல், சோற்றை உருட்டி அவர் வாயில் வைத்தேன். அவரால் விழுங்க முடியவில்லை. லிண்டா சீனி கலந்த தேநீரைக் கொண்டுவந்து, என் கையிலிருந்த சோற்றையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தள்ளி நின்றார்.

ஆரணி என் தோளைப் பிடித்துக் கூட்டுக்கு வெளியே கொண்டுவந்தாள். "பசி இல்லை மாமி. கடை" என்றாள்.

"எந்தக் கடை?"

பிறகு அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள், வேகமாக, என்னைப் பார்க்காமல். அண்ணன் முன்பு சொந்தமாக ஒரு கடை வைத்திருந்தார், அது எனக்குத் தெரியும். அவளுக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் கவுன்டருக்குப் பின்னால் இருந்து தமிழ் வகுப்பு வீட்டுவேலை எழுதுவாள். ஒரு பின்னேரம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கையில் துவக்கு. அப்பா அவளைக் காலால் தள்ளிக் கவுன்டருக்குக் கீழே விட்டார். அவர் கால் நடுங்குவது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அடுத்த வருடம் இன்னொரு முறை. இந்த முறை குழல் அவர் நெற்றியில் தொட்டபடி. பொலிஸ் வந்தது, எழுதியது, போனது. அதற்குப் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் அப்பா வாசலுக்கு முதுகு காட்டமாட்டார். நித்திரைக்குக் குளிசை போடுகிறார். "அந்தச் சாமானை ஒருமுறை மற்றப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று கேட்டார். பல வருடம் யோசித்துத்தான் கேட்டார். எங்களுக்கு இது கொண்டாட்டம் இல்லை, மாமி."

நான் அந்தச் சேற்றில் நின்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, ஆள் கிடைக்கவில்லை. அந்த இரண்டு நாய்கள் எங்கே இருக்கிறார்களோ தெரியாது. அவர்களைக் கண்டுபிடிக்காத பொலிஸ்மேல் கோபம். தஞ்சம் தருகிறோம் என்று கூப்பிட்டு வைத்து நெற்றியில் குழலை வைத்த ஊர்மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் "இஞ்ச ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த இந்த மனிதர்மேல் கோபம். அவர் அப்படிச் சொன்ன அதே நாட்களில், எங்கள் சந்தியில் இரண்டு பிள்ளைகள் சுடப்பட்டுக் கிடந்த அன்றுகூட, நானும் "இங்க ஒரு பிரச்சினையும் இல்லை" என்றுதான் சொன்னேன். காரில் நான் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சொகுசா இருந்து பழகினால் இப்பிடித்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்பிப் போனபோது அண்ணன் தேநீரைக் குடித்து முடித்திருந்தார். சோற்றுப் பெட்டியை மடியில் வைத்து, கத்தரிக்காய்க் கறியோடு மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது. லிண்டா, "கட்டாயமில்லை. வேண்டுமானால் இன்னொரு நாள் வரலாம், நான் இங்கேதான் இருப்பேன்" என்றார்.

அண்ணன் கை கழுவிவிட்டு எழுந்தார். லிண்டாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். பின்னால் நிற்கவேண்டாம், தான் பார்க்கக்கூடிய மாதிரிப் பக்கத்தில் நிற்கமுடியுமா? லிண்டா பக்கத்தில் வந்து, அவர் கைக்குக் கீழே தன் கையை வைத்து நின்றார். அண்ணன் என்னைப் போகச் சொல்லவில்லை. நானும் போகவில்லை.

செம்மஞ்சள் தட்டு ஒன்று வானத்தில் எழும்பியது. துவக்கு வெடித்தது. தட்டு ஒரு காயமுமில்லாமல் புல்லில் போய் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. ஒவ்வொரு வெடிக்கும் நான் கண்ணை மூடினேன், அவர் மூடவில்லை. பத்துத் தட்டில் ஒன்றைக்கூட அவர் உடைக்கவில்லை. கடைசியில் லிண்டா சொல்லிக் கொடுத்தபடி துப்பாக்கியைத் தானே மடித்து, வெறும் குழலை வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கமிருந்து ஒரு கண்ணால் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா ஒரு குழாய்" என்றார். "அங்கால புல்லுத் தெரியுது."

ஆரணி கணக்கு முடிக்கக் கொட்டிலுக்குள் போனாள். நாங்கள் இருவரும் காருக்குப் பக்கத்தில் ஈரமான மர வாங்கில் அமர்ந்திருந்தோம். மழை தூறத் தொடங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்ததென்னவோ மறுபடியும் கோபம்தான்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் உங்கட கூடப்பிறந்தவள் இல்லையோ? இருபது வருசம் என்னை விசரியாக்கி வைச்சிருக்கிறியள்!"

"சொல்லியிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?"

"என்ன சொல்லுறது? உந்தக் கடையும் வேண்டாம், லண்டனும் வேண்டாம், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வீட்ட வாங்கோ எண்டு சொல்லியிருப்பன்."

"ஓம். அப்பதான் ஊரில பாதை பூட்டிக் கிடந்தது. ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு போற வெள்ளை வான் திரிஞ்சது." சப்பாத்தில் ஒட்டியிருந்த சேற்றை வாங்கின் காலில் தேய்த்தார். "நீ வா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் வந்திருப்பன், தங்கச்சி."